ஸ்பிரிட்டின் நான்கு குளிர்காலங்கள் - சோலார் பேனல் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

சோலார் பேனலை எந்தத் திசை பார்த்து, எத்தனை டிகிரி சாய்த்து வைக்க வேண்டும்? இதற்கு பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் பதில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தெற்கு பார்த்து வைக்க வேண்டும், தெற்கே இருப்பவர்கள் வடக்கு பார்த்து வைக்க வேண்டும். சாய்வு, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறத்தாழ அத்தனை டிகிரி. பரீட்சையில் இதை எழுதினால் இரண்டு மார்க் நிச்சயம் :-)

ஆனால் இந்த இரண்டு மார்க் கேள்விதான் ஒரு இயந்திரத்தை ஆறு வருஷத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது. கடைசியில் அதன் உயிர் போனதற்கும் இதே கேள்விதான் காரணம். அந்த இயந்திரம் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட் ரோவர். இந்தப் பதிவு அதன் கதை.

கம்பி இல்லாத இடத்தில் கணக்கு வேறு

முதலில் ஒரு சின்ன விஷயம். கரண்ட் கம்பியோடு இணைந்த சோலாருக்கும், தனித்து நிற்கும் சோலாருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பி இணைப்பு இருந்தால் மிச்சமாகும் மின்சாரத்தை வெளியே அனுப்பலாம், போதாதபோது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதனால் வருஷம் முழுக்க மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்று மட்டும் பார்த்து பேனலைச் சாய்த்தால் போதும்.

தனித்து நிற்கும் சோலாரில் அது நடக்காது. கோடையில் பேட்டரி நிறைந்த பிறகு வரும் வெயில் எல்லாம் வீண். குளிர்காலத்தில் பேட்டரி காலியாகிவிட்டால் கடன் கொடுக்க யாரும் இல்லை. ஆகவே இங்கே வருஷத்தின் மொத்தக் கணக்கு உதவாது. வருஷத்திலேயே மிக மோசமான நாளில் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் அட்சரேகையை விட 10, 15 டிகிரி கூடுதலாகச் சாய்த்து, தாழ்வாகப் போகும் குளிர்காலச் சூரியனைப் பார்த்து வைப்பார்கள். கோடையில் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் அது தாங்கக்கூடிய நஷ்டம்.

விண்வெளிக்குப் போன எல்லா சோலாரும் கம்பி இல்லாத சோலார்தான். முதன்முதலாகப் போனது 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் வான்கார்டு 1. பெரிய சாத்துக்குடி அளவு உருண்டை, எடை ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. சுழன்றுகொண்டே போகிற அந்த உருண்டையில் பேனலை எந்தப் பக்கம் வைப்பது? ஆறு பக்கமும் சின்னச் சின்னதாக ஒட்டிவிட்டார்கள்! எப்படிச் சுழன்றாலும் ஏதோ ஒரு பக்கம் வெயில் படும். பேட்டரியில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் விரைவிலேயே நின்றுபோனது. சோலாரில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. திசைக் கேள்வியையே தவிர்த்துவிட்ட சாமர்த்தியம் இது. ஆனால் எப்போதும் பாதிப் பேனலாவது சும்மா இருக்கும். சிறிய டிரான்ஸ்மிட்டருக்கு அது போதும், ஒரு ரோவருக்குப் போதாது.

தட்டையாக ஒரு மேஜை

ஸ்பிரிட் 2004 ஜனவரி 4 அன்று குசேவ் என்ற பெரும் பள்ளத்தில் இறங்கியது. மூன்று வாரம் கழித்து அதன் இரட்டையான ஆப்பர்சூனிட்டி கிரகத்தின் மறுபக்கத்தில் இறங்கியது. இரண்டுக்கும் நாசா கொடுத்த ஆயுள் 90 செவ்வாய் நாட்கள். (செவ்வாயில் ஒரு நாள் நம் நாளைவிட சுமார் 40 நிமிஷம் அதிகம்.)

ரோவரின் மேல்பகுதி முழுக்க சோலார் பேனல். ஒரு மேஜை மாதிரி தட்டையாக இருக்கும். அதைத் திருப்பவோ சாய்க்கவோ மோட்டார் கிடையாது. 'இவ்வளவு பெரிய விஞ்ஞானிகளுக்கு இது தெரியாதா?' என்று தோன்றலாம். நன்றாகவே தெரியும். குசேவ் பள்ளம் செவ்வாயின் பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 14.5 டிகிரியில் இருக்கிறது. ஸ்பிரிட் இறங்கிய நேரம் அங்கே கோடையின் கடைசிப் பகுதி. மதியச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருந்தது. அந்த 90 நாளுக்கு தட்டையாக வைப்பதே சரியான திசை! சாய்க்கும் மோட்டார் என்றால் கூடுதல் எடை, கூடுதல் செலவு, கெட்டுப்போக இன்னொரு பாகம். 90 நாள் வேலைக்கு அது தேவையில்லை. புதிதாக இருந்தபோது பேனல் ஒரு நாளைக்கு சுமார் 900 வாட்-மணி வரை கொடுத்தது. 100 வாட் பல்பை ஒன்பது மணி நேரம் எரிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், 90 நாள் முடிந்தபிறகும் ஸ்பிரிட் நன்றாகவே இருந்தது. முன்னால் குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

செவ்வாயின் தெற்குக் குளிர்காலம்

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. குசேவ் தெற்கே 14.5 டிகிரி. கண்ணாடியில் பார்த்த சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் நமக்கு மதிய வெயில் தெற்கே சாய்ந்து விழுகிறது அல்லவா? அங்கே குளிர்காலத்தில் வடக்கே சாய்ந்து விழும்.

ஆனால் மூன்று விஷயங்கள் நம் மார்கழியைவிட மோசம். ஒன்று, செவ்வாயின் பாதை நன்றாக நீண்ட வட்டம். தெற்குப் பாதியில் குளிர்காலம் வரும் சமயம்தான் அது சூரியனிடமிருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது. அப்போது வரும் வெயில், மிக அருகில் இருக்கும்போது வருவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டு, தூரத்தில் இருக்கும்போது கிரகம் மெதுவாக நகரும். அதனால் தெற்கின் இலையுதிர்காலமும் குளிர்காலமும் சேர்ந்து 687 நாள் கொண்ட வருஷத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மூன்று, தூசி. அது பேனல் மேல் படிந்துகொண்டே இருக்கும், துடைக்க ஆள் கிடையாது.

இதோடு குளிர் வேறு. ரோவர் தன் உள்பாகங்களைச் சூடாக வைத்திருக்க ஹீட்டரை ஓட்ட வேண்டும். (கதிரியக்கத்தால் சூடு தரும் ஒரு வாட் வில்லைகள் எட்டு இருந்தன, அவை மட்டும் போதாது.) அதாவது வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடும். கம்பி இல்லாத சோலாரின் நிரந்தரத் தலைவலி இதுதான்.

இப்போது ஒரு சின்ன கணக்கு போடுவோம். குளிர்காலத்தின் நடுநாளில் குசேவில் மதியச் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 40 டிகிரி வடக்கே இருக்கும். பேனல் நேராகச் சூரியனைப் பார்த்தால் கிடைப்பது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையாக இருந்தால் 77 கிடைக்கும். 11 டிகிரி வடக்கே சாய்ந்தால் 87. 30 டிகிரி வடக்கே சாய்ந்தால் 98. மாறாக 10 டிகிரி தெற்கே சாய்ந்தால் வெறும் 64. (மதிய நேரத்து நேர் வெயிலுக்கு மட்டும் கொசைன் போட்ட கணக்கு. தூசி வானத்தில் சிதறி வரும் வெளிச்சமும் உண்டு என்பதால் உண்மையில் வித்தியாசம் கொஞ்சம் குறையும்.)

98-க்கும் 64-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஸ்பிரிட்டின் மீதிக் கதை நடக்கிறது.

முதல் குளிர்காலம் - 2004

பேனலைச் சாய்க்க முடியாது. சரி, ரோவரையே சாய்த்தால்? வடக்கு நோக்கிச் சரியும் ஒரு சரிவில் ஏறி நின்றால் மேஜை தானாகவே வடக்கே சாயும். இதுதான் குழுவினர் கண்ட வழி. இறங்கிய இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 2004 ஜூனில் ஸ்பிரிட் கொலம்பியா குன்றுகளின் அடிவாரத்தை அடைந்தது. 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓட விபத்தில் இறந்த ஏழு பேரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. ஏழு குன்றுகளில் ஒன்றுக்கு நம் கல்பனா சாவ்லாவின் பெயர்.

குன்றுகளில் பாறைகளை ஆராய வேண்டும், அதே சமயம் வெயிலையும் விடக்கூடாது. வடக்கு பார்த்த ஒரு சாய்விலிருந்து இன்னொரு சாய்வுக்குத் தாவிப் போவது, தவளை இலைக்கு இலை தாவுவது மாதிரி. அப்படிப்பட்ட இடங்களை 'லில்லி பேட்' என்றே அழைத்தார்கள். குளிர்காலம் கழிந்தது. 2005 மார்ச்சில் காற்று வீசி பேனலைத் துடைத்தும் கொடுத்தது. ஆகஸ்டில் ஸ்பிரிட் ஹஸ்பண்ட் குன்றின் உச்சியில் நின்றது.

இரண்டாவது - 2006

இந்த முறை திட்டம் மெக்கூல் குன்றின் வடக்குச் சரிவு. நல்ல செங்குத்தான சாய்வு. போகும் வழியில் 2006 மார்ச்சில் வலது முன்சக்கரத்தின் மோட்டார் நின்றுபோனது. ஆறு சக்கர வண்டி ஐந்து சக்கர வண்டியானது. செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். மணல் விடவில்லை.

ஒவ்வொரு நாளும் வெயில் குறைந்துகொண்டிருந்தது. மெக்கூல் ஆசையை விட்டுவிட்டு, பக்கத்தில் எட்டக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு தாழ்ந்த மேட்டுக்குத் திரும்பினார்கள். ஏப்ரலில் அங்கே போய்ச் சேர்ந்தது. சாய்வு வடக்கே 11 டிகிரி. சிறந்த சாய்வு அல்ல, ஆனால் கிடைத்த சாய்வு. அதே இடத்தில் மாதக்கணக்கில் நின்று, சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டே குளிர்காலத்தைக் கடத்தியது.

இங்கே ஒரு வேடிக்கை. செத்துப்போன அந்தச் சக்கரம் போகிற இடமெல்லாம் மண்ணைக் கிளறிக்கொண்டே வந்தது. 2007-இல் அப்படிக் கிளறிய ஒரு தடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சோதித்துப் பார்த்தால் சுமார் 90 சதவீதம் சிலிக்கா. ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கான அடையாளம். ஸ்பிரிட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று சொல்லலாம். நொண்டிச் சக்கரம் கண்டுபிடித்தது!

மூன்றாவது - 2008

2007-இல் பெரும் தூசிப்புயல் ஒன்று வந்து போனது. பேனல் மேல் தூசி கனமாகப் படிந்தது. இந்த முறை நல்ல சாய்வு இல்லாவிட்டால் கதை முடிந்தது என்ற நிலை. 'ஹோம் பிளேட்' என்ற தட்டையான மேட்டின் வடக்கு விளிம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். விளிம்பிலிருந்து கீழே மெதுமெதுவாக இறங்கி, இறங்க இறங்க சாய்வு கூடி, கடைசியில் சுமார் 30 டிகிரி. நம் கணக்கில் 98. ஒரு மோட்டார் இல்லாத பேனலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்படியும் மயிரிழையில்தான் தப்பித்தது. குளிர்காலத்தின் மிக மோசமான பகுதி தாண்டிய பிறகு, 2008 நவம்பரில் வந்த ஒரு தூசிப்புயலில், ஒரு நாள் மொத்த மின்சாரமே 89 வாட்-மணிதான். அதே 100 வாட் பல்பை ஒரு மணி நேரம்கூட எரிக்க முடியாது. ஹீட்டர்களில் சிலவற்றை அணைத்துவிட்டு, சில நாள் பேசாமல் இரு என்று கட்டளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். சொன்ன நாளில் ஸ்பிரிட் பேசியது.

நான்காவது - 2010

2009 தொடக்கத்தில் அடுத்த பயணம். ஹோம் பிளேட்டின் மேல் ஏறிக் கடந்து தெற்கே போக வேண்டும். ஐந்து சக்கரத்தால் ஏற முடியவில்லை. சரி, சுற்றிக்கொண்டு போகலாம் என்று மேற்குப் பக்க வழியை எடுத்தார்கள். ஏப்ரல் கடைசியில் அந்த வழியில் மேலே கெட்டியான தோலும் அடியில் மாவு மாதிரி மண்ணும் இருந்த ஓர் இடத்தில் தோல் உடைந்தது. சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. அந்த இடத்துக்கு 'டிராய்' என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது கோடை வந்துகொண்டிருந்தது, மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. அவசரப்பட்டு இன்னும் புதைத்துவிடக்கூடாது என்று கலிபோர்னியாவில் மணல் தொட்டி அமைத்து, மாதிரி ரோவரை அதில் புதைத்து, எப்படி எடுப்பது என்று மாதக்கணக்கில் பழகினார்கள். நவம்பர் 17 அன்று உண்மையான முயற்சி தொடங்கியது. சில நாட்களிலேயே வலது பின்சக்கரமும் நின்றது. இப்போது நான்கு சக்கரம்.

2010 ஜனவரி 26 அன்று, இனி ஸ்பிரிட் ஓடாது, நின்ற இடத்திலேயே ஆராய்ச்சி செய்யும் என்று நாசா அறிவித்தது. ஆனால் நின்ற இடம் எப்படிப்பட்டது? பேனல் தெற்கே சாய்ந்திருந்தது! வெயில் வடக்கே, பேனல் தெற்கே. நாலைந்து டிகிரி மாற்றினால்கூட குளிர்காலத்தில் அவ்வப்போதாவது பேச மின்சாரம் கிடைக்கும் என்ற கணக்கு. அதற்காகவே கடைசியாகச் சில முறை ஓட்டினார்கள். வெளியே வருவதற்காக அல்ல, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் சாய்வை மாற்றுவதற்காக. ஆச்சரியம் என்னவென்றால் பின்பக்கமாக ஓட்டியபோது ரோவர் ஓரடி தூரம் நகரவும் செய்தது. ஆனால் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தது. சாய்வு போதுமான அளவு மாறவில்லை. பிப்ரவரியில் ஓட்டம் நின்றது.

2010 மார்ச் 22 அன்று ஸ்பிரிட் கடைசியாகப் பேசியது. அதன் 2210-ஆவது செவ்வாய் நாள். குளிர்காலத்தின் நடுநாள் மே மாதம், அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. கோடை திரும்பினால் எழுந்திருக்கும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் அனுப்பினார்கள். 2011 மார்ச்சில் அங்கே வெயில் உச்சத்துக்கு வந்தும் போனது. பதில் இல்லை. 2011 மே 25 அன்று முயற்சியை நிறுத்திவிட்டார்கள்.

என்ன தெரிகிறது?

'முதலிலேயே ஒரு மோட்டார் வைத்திருக்கலாமே' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 90 நாளுக்குத் தட்டையான பேனலே சரி. அதற்குப் பிறகு, ஸ்பிரிட்டின் பேனலைச் சாய்க்கும் மோட்டாராக இருந்தது அதன் சக்கரங்கள்தான். சக்கரம் ஓடும்வரை நல்ல திசையைத் தேடிப் போக முடிந்தது. முதல் சக்கரம் நின்றபோது 11 டிகிரியோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. அதே சக்கரத்தால்தான் ஹோம் பிளேட்டில் ஏற முடியாமல் டிராய்க்குப் போக நேர்ந்தது. டிராயில் எல்லாமே நின்றபோது, எந்தத் திசை பார்த்து நின்றதோ அதுவே கடைசித் திசையாகிவிட்டது.

பூமத்திய ரேகைக்கு வெறும் இரண்டு டிகிரி தெற்கே இருந்த ஆப்பர்சூனிட்டிக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அதுகூட 2012-இல் ஒரு குளிர்காலத்தை வடக்கே சுமார் 15 டிகிரி சாய்ந்த இடத்தில் நின்றுதான் கழித்தது. 2018 ஜூனில் வந்த தூசிப்புயல் பகலையே இரவாக்கியது. அதற்கு எந்தச் சாய்வும் உதவாது.

நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 2024 ஜனவரி 20 அன்று ஜப்பானின் ஸ்லிம் கலம் நிலவில் இறங்கியபோது கவிழ்ந்து நின்றது. பேனல் மேற்கு பார்த்துவிட்டது, சூரியனோ கிழக்கே. பேட்டரி தீர்ந்துபோவதற்கு முன்பே அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எட்டு நாளில் நிலவின் வானத்தில் சூரியன் மேற்கே நகர்ந்தது, ஸ்லிம் எழுந்தது! தவறான திசை என்பது சில சமயம் தவறான நேரம் மட்டும்தான். ஸ்லிம் காத்திருந்த சூரியன் சில நாளில் வந்துவிட்டது. ஸ்பிரிட் காத்திருக்க வேண்டிய சூரியன் மாதக்கணக்கான குளிருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஆகவே நண்பர்களே, கம்பி இல்லாத இடத்தில் பேனல் வைக்கும்போது 'எந்தத் திசையில் அதிக மின்சாரம் வரும்' என்று கேட்காதீர்கள். 'எந்த நாளில் நான் செத்துப்போவேன், அந்த நாளில் சூரியன் எங்கே இருக்கும்' என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தின் இரண்டு மார்க் பதில் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வி அதில் இல்லை. ஸ்பிரிட்டின் குழுவினர் ஆறு வருஷமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை பதில் கிடைத்தது. நான்காவது முறை பதில் தெரிந்தும் அங்கே போய்ச் சேரச் சக்கரம் இல்லை.